பித்தப்பை எண்டு சொன்ன ஒப்பரேஷன்

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

என்ர செல்லப் பிள்ளைக்கு,

காலமை வீடியோவில கதைக்கேக்க ரெண்டு வாய் பிட்டோட எழும்பிப் போனாய். திரும்பி வந்து தண்ணி குடிச்சாய். நான் ஒண்டும் கேட்கேல்லை. இங்க ரெண்டு நாளா மழை.

பிட்டு இப்ப வேண்டாம். உடம்பு மெலியச் செய்த இரைப்பை பைபாஸ் ஒப்பரேஷனுக்குப் பிறகு உன்ர இரைப்பை ஒரு சின்னப் பைதான், காய்ஞ்ச சாப்பாடு அதில அடைச்சு நிக்கும், பாணும் அப்பிடித்தான். மீன், முட்டை, பருப்பை முதல் சாப்பிடு. ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம்தான். நல்லா மென்று சாப்பிடு. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குத் தண்ணி தொடாதை. வேலைக்கும் போய் எல்லாத்தையும் நீயே பார்க்கிறாய், எனக்கு அது பெரிய பெருமை. ஆனா ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆறாம் மாதம் செய்யிற இரத்தப் பரிசோதனைக்குப் போகேல்லைப் போல. போயிருந்தா சொல்லியிருப்பாய்.

கல்சியம் சிற்றேற்றை ஒரு தரத்துக்கு 500 மில்லிகிராம் எண்டு பிரிச்சுப் போடு. இரும்புக் குளிசைக்கும் அதுக்கும் ரெண்டு மணித்தியாலம் இடைவெளி விடு. இரும்போட பிளேன் ரீயும் கூடாது, தேயிலைச் சாயம் இரும்பைச் சேரவிடாது. விற்றமின் பி12 ஐ நிப்பாட்டாதை. ஈரலில முந்திச் சேர்ந்தது கன நாளைக்குத் தாங்கும், அதாலதான் குறையிறது தெரியாது. கால் விறைக்கேக்க நரம்பு பழுதாகத் தொடங்கியிருக்கும். மயிர் கொட்டுறது திரும்பி வளரும், நரம்பு அப்பிடியில்லை.

சத்தி எடுக்கிறதைச் சின்ன விஷயமா நினைக்காதை. விற்றமின் பி1, அதுதான் தயமின், உடம்பில ரெண்டு மூண்டு கிழமைக்குத்தான் கையிருப்பு. பார்வை இரட்டையாத் தெரிஞ்சா, நடை தள்ளாடினா, அண்டைக்கே ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏத்த முந்தி தயமின் ஊசி போடச் சொல்லு. பி1 இல்லாத உடம்பில குளுக்கோஸ் ஏறினா மிச்சமிருக்கிற பி1உம் செலவாகி மூளையைத் தாக்கும். வயித்து நோ விட்டு விட்டு வந்தா காஸ்றிக் எண்டு இருந்திடாதை. மெலியேக்க உள்ளுக்க கொழுப்பும் கரையும், ஒப்பரேஷனில குடலை மாத்திப் பொருத்தேக்க வந்த இடைவெளி பெருத்து குடல் அதுக்குள்ள மாட்டும். மாதவிடாய் நோவுக்கு டைக்ளோபெனாக், இபுப்ரோபென் தொடாதை, இரைப்பையும் குடலும் பொருத்தின இடத்தில புண் வரும். பனடோல் போடு.

பிள்ளை தங்கிறது ஒப்பரேஷன் முடிஞ்சு 12 தொடக்கம் 18 மாதத்துக்குப் பிறகுதான். அதுவரைக்கும் வாயால போடுற கருத்தடைக் குளிசையை மட்டும் நம்பாதை, பைபாஸுக்குப் பிறகு அது சரியாச் சுவறுமெண்டில்லை. டொக்டரிட்ட வேற வழி கேள்.

எந்த டொக்டரிட்டப் போனாலும் பைபாஸ் எண்டு முதலே சொல்லு. வீட்டிலயும் சொல்லு.

உன்ர மாமி வீட்டில அது பித்தப்பை ஒப்பரேஷன் எண்டு சொன்னது நான்தான். உன்னைக் கேட்காமலே சொன்னன். கலியாண வீட்டில சனம் கதைக்கும் எண்டு பயந்தன். தாய் வெட்கப்பட்டதை நீ மறைச்சுக்கொண்டிருக்கிறாய். மாமி பாசத்தில கோப்பை நிறையப் போட்டுத் தாறா, நீயும் சாப்பிட்டிட்டு குளியலறைக்குப் போறாய். காலமை அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கினது. பின்னேரம் மாமிக்கு அழைப்பெடுத்து உண்மையைச் சொல்லிப்போட்டன். அவ கோபிக்கேல்லை, என்ன சமைக்கிறதெண்டு கேட்டா. முட்டையும் மீனும், சொதியில ஊறின இடியப்பம் கொஞ்சமும் எண்டு சொன்னன்.

காலமை கேட்காததை இப்ப கேட்கிறன். ஒரு நாளைக்கு எத்தினை தரம் சத்தி வருது? எப்ப தொடங்கினது? மறைக்காமல் எழுது.

அம்மா