இரண்டு ஒலிப்பதிவுகளும் உன் வரைபடமும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை நானும் அம்மாவும் சேர்ந்து படித்தோம். ஒரு தொடக்க மெட்டும் அதையொட்டிய வேரியேஷன்களும் (மாறுபட்ட வடிவங்களும்) கொண்ட, பாக் இயற்றிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955இல் தமது 22ஆம் வயதிலும், 1981இல் 48ஆம் வயதிலும் ஒலிப்பதிவு செய்தாரே, அவ்விரண்டிலும் ஒரு விசையை அழுத்துவதற்கும் அடுத்ததை அழுத்துவதற்கும் இடைப்பட்ட நேரத்தை நீ இவ்வளவு பொறுமையாக அளந்திருப்பது எங்களுக்குப் பெருமை.

ஆனால் முன்னது சுமார் 38 நிமிடம், பின்னது சுமார் 51 நிமிடம் என்று காட்டி, வயது ஏறியதால் வாசிப்பு நிதானமடைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே. முதல் பதிவில் அவர் எந்தப் பகுதியையும் திருப்பி வாசிக்கவில்லை. இரண்டாவதில் சிலவற்றின் முற்பாதியைத் திருப்பி வாசிக்கிறார். அதைக் கழிக்காமல் மொத்த நேரத்தை ஒப்பிடலாமா? தொடக்க மெட்டில் இரண்டு பதிவுகளிலுமே திருப்புதல் இல்லை. முன்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்த அது, பின்பு மூன்று நிமிடத்தைத் தொடுகிறது. இது உண்மையான வேறுபாடு. அதேவேளை, ஐந்தாம் வேரியேஷனில் அந்த 48 வயதுக் கைகள் சற்றும் பின்தங்கவில்லையே! ஒரு வேரியேஷனின் துடிப்பிலிருந்து அடுத்ததன் வேகம் ஒரு விகிதத்தில் பிறக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் கருதினார். ஆகவே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்களை அளந்து பார். வெவ்வேறு காலத்து ஒலிவாங்கிகளில் பதிவானவை என்பதால் ஒலியளவை ஒப்பிடுவதில் மட்டும் எச்சரிக்கையாக இரு.

முதலில் கேள், பிறகு அள. பலமுறை சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன்: முதலில் கேள். ஒரு சுரம் ஏன் தாமதித்து வருகிறது என்பது கேட்டால் பாதி புரியும், அதையே வாசித்துப் பார்த்தால் மீதியும் புரியும். முன்பெல்லாம் உன் கடிதங்களில் எந்த விரலை எங்கே மாற்றினாய், எந்த இடம் இன்னும் கைக்கு வரவில்லை என்றெல்லாம் இருக்கும். இந்தக் கட்டுரையிலும் அதனுடன் வந்த கடிதத்திலும் தேடிப் பார்த்தேன். கூல்டின் கைகளைப் பற்றி மட்டுமே இருக்கிறது.

கட்டுரையைத் திருத்தி அனுப்பும்போது அந்தத் தொடக்க மெட்டை நீயே வாசித்துப் பதிவுசெய்து, அதன் நேர அளவைக் காட்டும் கோடு ஒன்றையும் கட்டுரையில் உள்ள உன் வரைபடத்தில் சேர். முழுவதும் வேண்டாம், முதல் 16 பார்கள் (தாளக் கட்டங்கள்) போதும். பயிற்சி விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா