அமெரிக்கச் சட்டம் அம்பாசமுத்திரத்துக்கு எப்போது வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் சட்டக் கேள்வி பதிலில் ஒரு வரி: ‘நன்னடத்தைக் காலம் முடிந்தாலும், நிறுத்திவைத்த சிறைத் தண்டனையை நீதிமன்றம் பிறகு எப்போது வேண்டுமானாலும் அனுபவிக்கச் சொல்லலாம்.’ எழுதியவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் அது இன்னும் முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் என் அக்கா அந்தப் பக்கத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். தாளின் ஓரமெல்லாம் உளுந்த மாவு. “ஏல தம்பி, பயலத் திரும்பவும் பிடிச்சிட்டுப் போயிருவாவளா?” என்றாள்.

பயல் என்றது அவள் மகனை. அவனுக்கு 31 வயது. கன்னடியன் கால்வாய்த் தண்ணீருக்காக மடையில் நடந்த சண்டையில் மண்வெட்டிக் காம்பால் ஒருவரை அடித்தான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. 2016-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிறைக்குப் போகாமல், ஒழுங்காக நடப்பேன் என்று இரண்டு வருஷத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். அத்தான் வீட்டு வரி ரசீதோடு ஜாமீன் நின்றார். 2018-இல் கெடு முடிந்தது. அந்த உத்தரவின் நகலை லாமினேஷன் செய்து, டிரங்குப் பெட்டியில் திருச்செந்தூர் இலை விபூதிக்கு அடியில் அக்கா வைத்திருக்கிறாள். அன்றைக்கு அதையும் எடுத்து வந்திருந்தாள். காரணம், பெண் பார்த்த வீட்டார் ஞாயிறு சாயந்திரமே போன் செய்து, “ஆடி கழியட்டும், பேசுவோம்” என்றிருக்கிறார்கள். ஆடி கழிந்து பதினைந்து நாள் ஆகிறது. இத்தனைக்கும் வழக்கை மறைக்காமல் சொல்லித்தான் பேசியிருந்தோம்.

நான் 34 வருஷம் வக்கீல் குமாஸ்தா. கட்டு சுமந்தே தோள் சாய்ந்தவன். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப் பத்திரம் எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலத்துக்குள் கூப்பிட்டால் வந்து தண்டனை ஏற்கிறேன் என்றுதான் வாசகம். ‘அந்தக் காலத்துக்குள்’ என்பதைத் தங்கள் வல்லுநர் எங்கே தொலைத்தார்? அப்புறம், இந்தச் சட்டத்தில் சிறை இத்தனை மாதம் என்று சொல்லிவிட்டு நிறுத்திவைப்பதே கிடையாது. தண்டனை சொல்லாமல்தான் பத்திரம் வாங்குகிறார்கள். (அப்பீலுக்காக நிறுத்திவைப்பது வேறு சங்கதி.) சொல்லாத தண்டனையை எந்தப் பரணிலிருந்து இறக்குவது? நிபந்தனையை மீறினால் 9-ஆம் பிரிவு இருக்கிறது. சம்மனோ வாரண்டோ அனுப்பி, விசாரித்து, பழைய குற்றத்துக்குத் தண்டிக்கலாம். முதல் மீறல் என்றால் 50 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விட்டுப் பத்திரத்தைத் தொடரவும் விடலாம். குற்றவாளி என்ற தீர்ப்பு அழிந்துபோகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதனால் வரும் தகுதியிழப்பு அவனைச் சேராது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது.

தங்கள் ஆள் எழுதியது அமெரிக்க நடைமுறை போலிருக்கிறது. அங்கே பல மாநிலங்களில் சிறை என்று தீர்ப்புச் சொல்லி நிறுத்திவைப்பது உண்டு. அங்கேயும் எல்லாக் கோர்ட்டிலும் நினைத்த நேரத்துக்கு உள்ளே தள்ளிவிட முடியாது. ஃபெடரல் கோர்ட்டில், அதாவது அந்த நாட்டு மத்திய அரசின் கோர்ட்டில், கெடு முடிவதற்குள் வாரண்டோ சம்மனோ பிறந்திருந்தால்தான், முடிந்த பின்னும் அந்த மீறலை விசாரித்துத் தண்டிக்கலாம். தாங்கள் அறியாததா?

போதாக்குறைக்கு, பதிலுக்குப் பக்கத்தில் அரிவாள் படம். கேள்வி கேட்டவர் செக் வழக்குக்காரர்! கீழே ‘நெல்லை வாசகர்’ என்று இருந்தால் அரிவாள் போட்டே தீர வேண்டும் போலும்.

இது முதல் தடவையும் இல்லை. ‘நன்னடத்தைப் பிணையை மீறியவருக்குச் சிறை’ என்று மாநகரச் செய்தி போடுகிறீர்களே, அது வேறு பத்திரம். குற்றவாளி என்று தீர்ப்பாகாதவரிடம்கூட நிர்வாக நடுவர் (தாசில்தார், ஆர்.டி.ஓ. போன்ற அதிகாரி) எழுதி வாங்குவது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 107, 110-ஆம் பிரிவு வகையறா. அதை மீறினாலும் பிணைக் காலத்தில் மீதமுள்ள நாளுக்குத்தான் சிறை. அந்த நடுவர் அதிகாரத்தைப் போலீஸ் துணை கமிஷனர்களிடம் கொடுத்த அரசாணையை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதே, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று தங்களுக்கு ஒரு கார்டு எழுதினேன். அந்த வாரம் வாசகர் கடிதத்தில் எலுமிச்சைத் தோலால் பல் தேய்ப்பது பற்றி வந்திருந்தது. நல்ல கடிதம்தான்.

வழக்குப் போடப்போவதில்லை. வாய்தாவுக்கு அலைகிற வயதும் இல்லை. அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அரிவாள் வேண்டாம். எந்த ஞாயிறு வரும் என்று முன்கூட்டியே தெரிவித்தால் இரண்டு பிரதி வாங்குவேன், ஒன்று பெண் வீட்டுக்கு. தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
அம்பாசமுத்திரம்.

(பெயரைப் போட வேண்டாம். பயல் கல்யாணம் முடியட்டும்.)