செல்பேசி போதும், நேரம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையில் ஒரு செல்பேசி இருந்தால் யாரும் குறும்படம் எடுத்துவிடலாம் என்ற கருத்தில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருவியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால், வாரத்தில் ஆறு நாள் கணக்கெழுதும் வேலை பார்த்துக்கொண்டே, ஒன்பது பக்கத் திரைக்கதை ஒன்றைப் படமாக்க நான்கு மாதமாக ஆயத்தம் செய்துவரும் எனக்கு, பணம் குறைவாக இருப்பதைவிட நேரம் துண்டுதுண்டாகக் கிடைப்பதே பெரிய இடராகத் தெரிகிறது.

ஆயத்த வேலைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. எந்தக் காட்சிக்கு யார் வேண்டும், என்ன உடை, என்ன பொருள், பகலா இரவா என்று திரைக்கதையைப் பிரித்தெழுதுவதைப் பேருந்தில் கிடைக்கும் இருபது நிமிடத்தில்கூடச் செய்யலாம். ஷாட் பட்டியல், அதாவது கேமரா ஒவ்வொரு முறையும் எங்கிருந்து எதை எடுக்கும் என்ற பட்டியல், அப்படிப்பட்டதல்ல. மதிய இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நான் எழுதிய பட்டியலில், மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பேசும் அக்காவும் தம்பியும், பாதிக் காட்சிக்குப் பிறகு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் கேமரா நின்றால்தான் அவர்கள் திரையில் எதிரெதிரே பார்ப்பதாகத் தெரியும்; அந்தக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டதை, ஒரு விடுமுறை நாளில் காட்சி முழுவதையும் ஒரே அமர்வில் கட்டங்களாக வரைந்து பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன்.

அன்றுதான் கணக்கும் போட்டேன். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுவான கணிப்பு. என் ஒன்பது பக்கத்துக்கு 40 ஷாட் எழுதியிருந்தேன். விளக்கை மாற்றி, ஒத்திகை பார்த்து, எடுத்து முடிக்க ஒரு ஷாட்டுக்கு 25 நிமிடம் என வைத்தால் மொத்தம் 1000 நிமிடம், அதாவது 17 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எனக்கு அமைந்திருப்பதோ இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தலா ஏழு மணி நேரம். மனம் ஒப்பாமல்தான் பன்னிரண்டு ஷாட்டுகளை வெட்டினேன். காகிதத்தில் வெட்டாவிட்டால், வெளிச்சம் மங்கும் நேரத்தில் கதைக்கு உயிரான ஷாட்டையே விட்டுவிட நேரும்.

வாரம் ஒருநாள் படமெடுப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வங்க இயக்குநர் சத்யஜித் ராய் விளம்பர நிறுவன வேலையில் இருந்தபடியே தம் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கினார். 1952 அக்டோபரில், நாணல் பூத்துக் கிடந்த வெளியில் ஒருநாள் படமெடுத்துவிட்டு மறுவாரம் மீதிக் காட்சிக்காகத் திரும்பியபோது, பூக்களைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம்வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் வரும் ஆறு நாட்களில் நடிகரின் முடிவெட்டு மாறலாம், வீட்டுக்காரர் திரைச்சீலையை மாற்றலாம். அதனால் ஒரு காட்சியை இரண்டு ஞாயிறுகளுக்குப் பிரிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தம் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்'கை, வேலைக்குப் போகும் நண்பர்களோடு சனிக்கிழமைகளில் எடுத்தார் என்பதைப் பலரும் ஊக்கத்துக்காகச் சொல்கிறார்கள். ஃபிலிமை மிச்சப்படுத்துவதற்காக அவர்கள் முன்கூட்டியே நன்றாக ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு ஷாட்டையும் ஒன்றிரண்டு டேக்குகளில், அதாவது ஒன்றிரண்டு முறை மட்டுமே எடுத்து முடித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் கண்ணை மட்டும் கொண்டுபோகிறார்கள். படமெடுக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் சென்று, பேசாமல் அமர்ந்து ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்த வீடு அமைதியானது என்றே நினைத்திருந்தேன். ஹெட்போனில் கேட்டபோது குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் எல்லா வசனத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பின்போது அதை அணைத்துவிட்டு, என் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடலாம் என்று ஒலிப்பதிவு செய்யும் நண்பர் சொல்லிக்கொடுத்தார். வீடு திரும்பச் சாவியை எடுக்கத் திறக்கும்போது, அதை மறுபடி இயக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பிறருடைய நேரம். முன்பு ஒரு குறும்படத்தில் உதவியாளராக இருந்தேன். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னவர்கள், கேமராவை எங்கே வைப்பது என்று பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். மாலைப் பணிக்குப் போக வேண்டிய நடிகை ஒப்பனையோடு மாடிப்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அவர் மறுவாரம் வரவில்லை, படமும் முடியவில்லை. ஊதியம் வாங்காமல் நடிக்க வருகிறவர், தமக்கிருக்கும் ஒரே ஓய்வுநாளை நம்மிடம் தருகிறார். எப்போது வந்து எப்போது கிளம்பலாம் என்பதை முந்தின நாளே எழுத்தில் அவருக்குத் தருவது நம் கடமை.

குறும்படக் கலைஞர்களைப் பேட்டி காணும்போது, எந்தக் கேமரா, எவ்வளவு செலவு என்பதோடு, எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள், யார் யாருடைய விடுமுறையில் எடுத்தீர்கள் என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். என் படப்பிடிப்பு மூன்று வாரம் தள்ளிப்போயிருக்கிறது. தம்பியாக நடிப்பவருக்கு அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். அவர் இல்லாமல் ஒத்திகை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்