ஐசெட்டா கார் மாடல் கிட்டின் கதவு குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 1:16 அளவு பிஎம்டபிள்யூ ஐசெட்டா 250 (1955) மாடல் கிட்டில் உள்ள குறைகள், மாற்று உதிரிகள் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரில் வரும் ஐசெட்டா கிட்டை (உதிரிகளை நாமே பொருத்திச் செய்யும் மாடல்) 4,800 ரூபாய் கொடுத்து உங்கள் இணையக் கடையிலேயே வாங்கினேன். கதவு சேரவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோது, "பசை போட்டு மூடிடுங்க சார், வெளியில தெரியாது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நிஜ ஐசெட்டா காரில் இருப்பதே ஒரே ஒரு கதவுதான். அது பக்கவாட்டில் இல்லை, முன்னால் இருக்கிறது. மிலானுக்குப் பக்கத்தில் பிரெஸ்ஸோவில் ஃப்ரிட்ஜும் ஸ்கூட்டரும் செய்துகொண்டிருந்த ஈசோ நிறுவனம் 1953-இல் இதைக் கொண்டுவந்தது. பெரிய கார்கள் கையைக் கடித்துக்கொண்டிருந்த காலத்தில் பிஎம்டபிள்யூ அதன் உரிமத்தை வாங்கி, தன் மோட்டார்சைக்கிளின் 247 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 1955-இல் விற்பனைக்கு விட்டது. 1962 வரை 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். மொத்த நீளமே 2.3 மீட்டருக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சின்ன வண்டிக்குள் இரண்டு பேர் ஏறி உட்கார வேண்டும் என்றால் முன்பக்கம் முழுவதையும் திறந்தால்தான் முடியும். ஆனால் முன்னால் ஸ்டீயரிங் நிற்கிறதே? அதற்குத்தான் அதை வடிவமைத்தவர்கள் ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு மூட்டு வைத்து, ஸ்டீயரிங்கையும் மீட்டர் பலகையையும் கதவோடு சேர்த்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் இரண்டும் கூடவே விலகி வழி விடும். இந்த வண்டி பிடித்தவர்களுக்கு இதுதான் உயிர். உங்கள் பெட்டியின் மேலும் "திறக்கும் கதவு, கூடவே நகரும் ஸ்டீயரிங்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். நான் வாங்கியதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

இனி குறைகளுக்கு வருகிறேன். எதையும் ஒட்டவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை. எல்லாம் வெறுமனே பொருத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

கதவு முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேல் விளிம்பைக் கூரையோடு சேர்த்துப் பிடித்தால் கீழ் மூலை 2 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மூலையை அமுக்கினால் மேலே விலகுகிறது. 2 மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம். 1:16 அளவில் அது நிஜ வண்டியில் 3 செ.மீ.க்கு மேற்பட்ட இடைவெளி, விரல்கள் தாராளமாக நுழையும். வெந்நீரில் காட்டி மெல்லத் திருப்பியும் பார்த்தேன். ஆறியதும் பழைய நிலைக்கே போய்விட்டது. வெந்நீரில் வைப்பதற்கு முன் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன்.

நான் பல காலம் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். இது எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். கதவின் உட்புறம் கீல் வரும் இடது ஓரத்தில் தடித்த விலா ஒன்று ஓடுகிறது. எதிர் ஓரம் அதில் பாதிகூட இல்லை. தடித்த இடம் தாமதமாக ஆறும், அதிகமாகச் சுருங்கும். உருப்படி முழுசாக ஆறுவதற்குள் அச்சிலிருந்து தள்ளிவிட்டால் இழுத்துக்கொண்டுதான் போகும். அந்த விலாவுக்கு நேர் வெளியே மேற்பரப்பில் லேசான பள்ளம் விழுந்திருப்பதும் அதே காரணத்தால்தான். எஞ்சின் மூடியின் உட்புறத்திலும் எஜெக்டர் பின் (உருப்படியை அச்சிலிருந்து தள்ளும் கம்பி) தழும்புகள் ஆழமாக இருக்கின்றன, ஆனால் அவற்றைப் புட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். அதைப் புகாராகச் சொல்லவில்லை. கதவை அப்படிச் சரிசெய்ய வழியில்லை. ஆறும் நேரத்தைச் சில விநாடிகள் கூட்டிப் பாருங்கள் என்று உங்கள் உற்பத்திப் பிரிவுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்டீயரிங் மூட்டு. கவை போன்ற அந்தச் சின்ன உதிரியில் ஒரு கால் முழுசாக வரவில்லை. பிளாஸ்டிக் கடைசி வரை ஓடாமல் நடுவழியில் நின்று, முனை மழுங்கி உருண்டையாக இருக்கிறது. உடைந்திருந்தால் துண்டு பெட்டிக்குள் கிடந்திருக்கும். பின்னைச் செருக அந்தக் காலில் துளையே இல்லை. ஆக, கதவு நேராக இருந்திருந்தாலும் ஸ்டீயரிங் அதோடு நகர்ந்திருக்காது.

மூன்றாவது, பக்கக் கண்ணாடிகள். பெட்டியில் 1955 என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது நகர்த்தித் திறக்கும் நீளமான கண்ணாடி. அது 1956 கடைசியில்தான் வந்தது. 1955 வண்டிகளில் பக்கக் கண்ணாடி குமிழ் போலப் புடைத்துப் பின்னால் வளைந்து போகும், நகராது. இரண்டு வகையுமே அழகுதான். எது உள்ளே இருக்கிறதோ அதற்குரிய ஆண்டைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பெட்டியில் இருப்பதை நம்பி அந்த ஆண்டின் வண்டியைச் செய்ய உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பின் சக்கரங்களின் இடைவெளியும் தப்பு. நிஜ வண்டியில் அவை சுமார் 52 செ.மீ. இடைவெளியில் நெருங்கி நிற்கும். அந்த நெருக்கத்தால்தான் டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாமலே சமாளிக்க முடிந்தது. 1:16-இல் 33 மி.மீ.க்குள் வர வேண்டும். உங்கள் அச்சுத்தண்டில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் 41 மி.மீ. இதை நானே அறுத்துச் சரிசெய்துகொள்வேன், மாற்று வேண்டாம். அடுத்த மோல்டிங் அச்சில் திருத்தினால் போதும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினை அருமையாகச் செய்திருக்கிறீர்கள். விரல் நுனியளவு சிலிண்டரில் குளிர்விப்பு விலாக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பிசிறில்லாமல் தெரிகின்றன. தமிழில் செய்முறைத் தாள் தந்திருப்பதும் எனக்கு மிகுந்த சந்தோஷம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று யாரிடமும் கேட்காமல் அதைப் படித்துச் செய்துவிடலாம், அவ்வளவு தெளிவு. இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்களால் ஒரு கதவைச் சரியாகத் தர முடியாது என்று நான் நம்பவில்லை. முதன்முதலாகக் கிட் வாங்கும் ஒரு பிள்ளைக்கு இந்தக் கதவு வந்திருந்தால், தன் கைதான் சரியில்லை என்று நினைத்து மூடி வைத்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். முறுக்கில்லாத கதவு ஒன்று, முழுசாக வந்த ஸ்டீயரிங் மூட்டு ஒன்று, இவை இரண்டும் செலவில்லாமல் வர வேண்டும். 1955-க்கான கண்ணாடி உங்களிடம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள், நான் 1957 வண்டியாகவே செய்துகொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கப்புறமும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இங்கேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

ஒரு வேண்டுகோள். புதிய கதவை அனுப்புவதற்கு முன் உங்கள் ஆட்களில் ஒருவர் அதை உடல் உதிரியோடு பொருத்திப் பார்த்துவிட்டு அனுப்பட்டும். உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்ட வேண்டாம், அப்படியே வைத்துப் பொருத்திப் பார்க்க இடமிருக்கிறது. பழைய கதவும் மூட்டும் சட்டத்தோடு அப்படியே என்னிடம் இருக்கின்றன. கேட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், கதவு, மூட்டு, அச்சுத்தண்டு அளவுகளின் படங்கள்.