செயலாளர் ஆண்டறிக்கை: 'நிறுத்து' என்று சொல்லப் பழகிய ஒரு வருடம்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

நம் வானியல் மன்றத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை இரவு தொலைநோக்கியை மொட்டை மாடிக்குத் தூக்கினோம் என்ற கணக்கு வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இந்த அறிக்கையில் வேறு ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டின் கடைசியில் ஒரு பள்ளி மைதானத்தில் வாட்டர் ராக்கெட் விட்டோம். சோடா பாட்டில், பி.வி.சி. குழாய், சைக்கிள் பம்பு, அவ்வளவுதான். மூன்றாவது பாட்டிலுக்குக் காற்று ஏற்றும்போது குழாய் இணைப்பு பிடுங்கிக்கொண்டு, பாட்டில் பக்கவாட்டில் பாய்ந்தது. பம்பு அடித்துக்கொண்டிருந்த பையனின் காதோரமாகப் போனது. நல்லவேளை, காயம் இல்லை. ஆனால் முதல் இரண்டு முறையும் அந்த இணைப்பில் தண்ணீர் கசிந்ததை நான் பார்த்தேன். ராக்கெட் நன்றாகத்தானே போனது என்று விட்டுவிட்டேன். ஒரு மாணவியும் பார்த்திருக்கிறாள். "பெரியவங்க இருக்கீங்களே சார், நான் எப்படிச் சொல்றது?" என்று பிறகு சொன்னாள்.

செயற்குழுவில் இதை நான் சொன்னபோது, லேத் பட்டறை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர், "சேலஞ்சரும் இதே கதைதான்" என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த ஆண்டின் திட்டம். மாதம் ஒரு கூட்டத்தில் விண்வெளி விபத்துகளை விசாரணை அறிக்கைகளின் துணையோடு படிப்பது என்று முடிவு செய்தோம்.

நாசாவின் சேலஞ்சர் விண்ணோடத்துக்கு மட்டும் நான்கு கூட்டங்கள் போயின. 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73 நொடிகளில் அந்த விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களைப் பிடித்து உட்கார வைத்தது அதற்கு முந்தைய இரவு.

முதலில், விபத்துக்குக் காரணமான ராக்கெட் இணைப்பைப் புரிந்துகொண்டோம். விண்ணோடத்தின் இரு பக்கமும் இருந்த திட எரிபொருள் ராக்கெட்டுகள் யூட்டா மாநிலத்தில் துண்டு துண்டாகத் தயாராகி, ரயிலில் புளோரிடா வந்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. ஒவ்வொரு பூட்டிலும் வாயு கசியாமல் இருக்க இரண்டு ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங். தடிமன் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பற்றவைத்த கணத்தில் உள்ளே அழுத்தம் ஏறும்போது இணைப்பு சற்று விரிந்து கொடுக்கும். ரப்பர் உடனே உப்பி அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் மந்தமாகிவிடும். மூத்த உறுப்பினர் ஒரு ஓ-ரிங்கைக் கிளாம்பில் நெரித்து, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் பொது விசாரணையில் செய்து காட்டிய அதே சோதனைதான். ஆனாலும் கண்முன்னே அந்த ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பத் தயங்கியபோது கூட்டத்தில் பேச்சே இல்லை.

1981இல், விண்ணோடத்தின் இரண்டாவது பயணத்திலேயே ஓ-ரிங் அரிக்கப்பட்டிருந்தது. 1985 ஜனவரியில், சுமார் 12 டிகிரி செல்சியஸில் கிளம்பிய பயணத்தில், முதல் வளையத்தைத் தாண்டிக் கரும்புகை போயிருந்தது. ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜொலே, இதைச் சரி செய்யாவிட்டால் உயிர்கள் போகும் என்று அந்த ஆண்டு ஜூலையிலேயே எழுதிக் கொடுத்தார். ஆனாலும் விண்ணோடம் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அரிப்பு பழகிப் போய்விட்டது.

ஜனவரி 27 இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தயோகால் பொறியாளர்கள் சொன்னார்கள். நாசா தரப்பு வற்புறுத்தியது. தயோகால் ஆட்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி பொறியியல் துறைத் தலைவரிடம் மேலதிகாரி சொன்னது அப்போதுதான். நான்கு நிர்வாகிகள் முடிவை மாற்றினார்கள். ஏவுதளத்தில் இருந்த அதே நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டு அனுப்பினார். மறுநாள் ஏவச் சொன்ன நாசாவின் உயர் அதிகாரிகளுக்கு இப்படி ஒரு வாக்குவாதம் நடந்ததே தெரியாது.

இதில் என்னைப் போட்டு உலுக்கியது ஒன்று உண்டு. ஏவலாம் என்பவர்தான் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும். அன்று இரவு, ஏவினால் ஆபத்து என்பதை நிரூபிக்கும்படி பொறியாளர்களைக் கேட்டார்கள். அவர்கள் கையில் போதிய தரவும் இல்லை. இருந்ததையும் அவசரத்தில் முழுதாக அடுக்கவில்லை. நம் மாணவர்கள் சார்ட் தாளில் முந்தைய எல்லாப் பயணங்களையும் வெப்பநிலை வாரியாகக் குறித்தார்கள். சுமார் 18 டிகிரிக்குக் கீழே கிளம்பிய நான்கிலும் வளையம் பழுது. அதற்கு மேலான இருபதில் மூன்றில்தான். பழுதான பயணங்களை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பழுதில்லாதவற்றையும் சேர்த்துக் குறித்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிகிறது. அந்தச் சார்ட் இன்னும் நம் அறைச் சுவரில் இருக்கிறது.

விண்ணோடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று ஃபைன்மன் விசாரித்தபோது, பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் சொன்னார்கள். நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றது. ஒரே அமைப்பு, ஒரே வாகனம்.

பிப்ரவரிக் கூட்டத்தை நாசாவின் இன்னொரு விண்ணோடமான கொலம்பியாவுக்கு ஒதுக்கினோம். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் 2003 பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் அது சிதறி இறந்தார்கள். ஏவிய 82 நொடிகளில், வெளித் தொட்டியிலிருந்து உடைந்த முக்கால் கிலோ நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. நுரை விழுவதும் பழகிப் போன விஷயம்தான். சுற்றுப்பாதையில் இருக்கும்போதே படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். எடுக்கவில்லை. சேலஞ்சருக்கு 17 ஆண்டுகள் கழித்து அதே நாசாவில் இது எப்படி நடந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். விசாரணைக் குழுவும் அதைத்தான் கேட்டது. நுரைக்குச் சமமாக அமைப்பின் நடைமுறையையும் காரணமாகச் சொன்னது.

ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட், செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் ஆகிய இரண்டையும் ஒரே கூட்டத்தில் முடித்தோம். கணினித் துறை உறுப்பினர்கள் நன்றாக விளக்கினார்கள், நன்றி.

நம் நாட்டுப் பக்கமும் பார்த்தோம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவப்படும் முன் கணினி நிறுத்தச் சொன்னது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம், நிபுணர்களின் சொல்லை நம்பி, கணினியை மீறி ஏவினார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இதை அவரே மேடைகளில் மறைக்காமல் சொன்னார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனை ராக்கெட்டைக் கணினி 5 நொடி இருக்கும்போது நிறுத்தியது. நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. நின்றார்கள், காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், 10 மணிக்கு ஏவினார்கள். அந்தக் காணொளியை இரண்டு முறை போட்டுப் பார்த்தோம்.

அப்புறம், செயற்குழு ஒரு விதி கொண்டுவந்தது. செயல்விளக்கத்தின்போது யார் 'நிறுத்து' என்றாலும் நிறுத்த வேண்டும். சொன்னவரிடம் ஆதாரம் கேட்கக் கூடாது. தொடரலாம் என்பவர்தான் விளக்க வேண்டும். கசிவு, விரிசல் எதுவானாலும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இவ்வாண்டு மீண்டும் வாட்டர் ராக்கெட் விட்டபோது அதே மாணவி நிறுத்தச் சொன்னாள். குழாயைப் பிடித்திருந்த கிளிப்பில் மயிரிழை விரிசல். மாற்றிவிட்டு முக்கால் மணி நேரம் தாமதமாக விட்டோம். வெயிலில் காத்திருந்த பெற்றோர்களில் சிலர் சலித்துக்கொண்டார்கள். காரணத்தைச் சொன்னதும் பொறுத்துக்கொண்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதத்துக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைநோக்கியின் ஃபோகஸ் திருகு பழுதாகியிருக்கிறது, பட்டறையில் கொடுத்திருக்கிறோம்.

வரும் ஆண்டு, நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டியோடு தொடங்கலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். 28 வோல்ட்டுக்குச் செய்த தெர்மோஸ்டாட் சுவிட்சில் 65 வோல்ட் பாய்ச்சிய கதை அது. மின்வேலை தெரிந்த உறுப்பினர் ஒருவர் முதல் கூட்டத்தை நடத்த முன்வந்தால் நல்லது. பெயரை இன்றே என்னிடம் கொடுக்கலாம்.

விதியின் வாசகம் உங்கள் கையில் இருக்கும் தாளில் உள்ளது. அதையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்