வஞ்சிரம் கேட்கும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு

சென்னை, பெங்களூரு அலுவலகங்களிலிருந்து சனிக்கிழமை விடியலில் வேன் பிடித்துப் புதுச்சேரிக்கு ஆட்களைக் கூட்டி வரும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஊரில் சின்னச் சின்ன உணவகங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மெஸ், வீட்டு முன்கூடத்தில் நாலு மேசை போட்ட கடை என்று ஏழெட்டுப் பேருடைய கொள்முதல் நோட்டு மாதக் கடைசியில் என்னிடம் வரும். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். அதைப் புரட்டியே பழகிப் போனவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

போன மே மாதம் நடந்தது. நான் கணக்கு பார்க்கும் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அதை நடத்தும் அக்காவுக்கு ஃபோன். இருபத்திரண்டு பேர் வருகிறார்களாம், எல்லோருக்கும் வஞ்சிரம் வறுவல் வேண்டுமாம், துண்டு ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். "வஞ்சிரம் வரலைப்பா. நெத்திலி இருக்கு, கருவாட்டுக் குழம்பு வெச்சிருக்கேன், மாங்கா போட்டு" என்றார் அக்கா. அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு லைன் துண்டாகிவிட்டது. "கருவாடுன்னதும் பயந்துட்டாங்க போல" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அக்காவிடம் வஞ்சிரம் இல்லாததற்குக் காரணம் எளிது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அவை வரிசையாக நிற்கும். வலை பின்னுவதும் பெயின்ட் அடிப்பதுமாக நாள் போகும். கட்டுமரம் மாதிரியான சின்னக் கலங்கள் கரையோரம் போய்க் கொண்டுவருவதுதான் அப்போது ஊருக்கு மீன். (இதே புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்த மாஹேக்கு இந்தத் தேதி செல்லாது. அது அரபிக் கடல் பக்கம். அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.) பள்ளி விடுமுறையும் உங்கள் சுற்றுலாக் கூட்டமும் சரியாக இந்த 61 நாளில்தான் வந்து விழுகின்றன. ஊரில் மீன் குறைவாக இருக்கும்போதுதான் ஊரே மீன் கேட்கிறது.

அப்படியென்றால் மே மாதத்தில் கடலைப் பார்த்த மாடியில் பரிமாறுகிற மீன் எங்கிருந்து வருகிறது? பெங்களூருவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் என்னை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார். 'கிரில்டு ஃபிஷ்', 650 ரூபாய். வெள்ளை வெளேரென்று, முள்ளில்லாமல், கவிச்சியும் இல்லாமல் ஒரு பலகை. என்ன மீன் என்று கேட்டேன். பரிமாறிய பையன் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "ஃபிஷ்தான் சார்" என்றான். அவன் மேல் தப்பில்லை. எனக்கு வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது பாசா. வியட்நாமின் மீகாங் ஆற்றைச் சேர்ந்த கெளுத்தி இனம். அதன் உறவுக்கார மீனை ஆந்திரக் குளங்களிலும் வளர்க்கிறார்கள். சாப்பிட ஒரு குறையும் இல்லை. ஆனால் கடலைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டர் வந்து, கடலைப் பார்த்தபடி குளத்து மீனைத் தின்றுவிட்டுப் போகிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

நோட்டைப் பார்த்தால் கடை எப்படிப்பட்டது என்று ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். அக்காவின் நோட்டில் திங்களன்று சங்கரா 4 கிலோ, செவ்வாயன்று கிழங்கான் 2, நெத்திலி 3, புதனன்று 'காத்து, மீன் இல்ல' என்று இருக்கும். விலையும் தினம் ஒன்று. இன்னொரு வகை நோட்டும் பார்த்திருக்கிறேன். வாரா வாரம் 'ஃபில்லட் 10 கிலோ', அதாவது முள் நீக்கிய மீன் துண்டு, ஆண்டு முழுக்க ஏறக்குறைய அதே விலை. நோட்டு உங்கள் கைக்கு வராது. மெனு அட்டை வருமே! பன்னிரண்டு மாதமும் பதினெட்டு மீனை அச்சடித்து, எதைக் கேட்டாலும் 'இருக்கு' என்கிற கடையில் கொஞ்சம் யோசியுங்கள். 'அது இல்லை, இது இருக்கு' என்கிற கடையில் தாராளமாக உட்காருங்கள்.

குழம்பு வந்ததும் முகர்ந்து பாருங்கள். தாளிப்பு வடவத்தின் வாசனை வருகிறதா? சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, வெயிலில் நாள்கணக்கில் காயவைப்பது. இரவில் மூடி வைத்துக் காலையில் திரும்ப மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டும். இந்த வடவம்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் 'வதூவான்' ஆகி, அங்கே மசாலாப் பெயராகவே நிலைத்துவிட்டது. மீன் குழம்பை இறக்கும்போது இதைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் தெருமுனை வரை மணக்கும். வருஷம் முழுக்கத் தேவையானதைக் கோடையிலேயே போட்டு வைக்கிற பொறுமை இருக்கும் சமையற்கட்டில் மற்றதும் சரியாகத்தான் இருக்கும். என் அனுபவத்தில் இது பொய்த்ததில்லை.

அடுத்து, நீங்கள் மறக்காமல் கேட்கிற 'ஜிஎஸ்டி பில்'. இது என் துறை என்பதால் விட மனமில்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்குப் பதிவே தேவையில்லை. காம்போசிஷன் முறையில், அதாவது விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் முறையில் இருக்கும் கடை, வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. வரி போட்ட பில்லை வாங்கிப் போனாலும், ஊழியர் சாப்பாட்டுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது கொடுத்த வரியை உங்கள் நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, பொதுவாகக் கிடையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உங்கள் கணக்குப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். செலவுக்கு அத்தாட்சியாக ஒரு சாதாரண பில் போதுமென்றால் அதை அக்காவும் கிழித்துத் தருவார். சுவரில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. இல்லாத ஜிஎஸ்டி எண்ணுக்காக நல்ல கடையைத் தாண்டிப் போகாதீர்கள்.

இருபத்திரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அக்கா மெஸ்ஸில் இடம் கிடைக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். பதினாறு நாற்காலிதான், ஒன்றுக்குக் கால் ஆடும். இரண்டு பந்தியாக உட்காருங்கள். அல்லது பாதிப் பேர் பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்குப் போகட்டும். இருவரும் ஒரே வியாபாரியிடம்தான் மீன் எடுக்கிறார்கள்.

முதல் நாள் சாயங்காலமே ஃபோன் பண்ணித் தலைக்கணக்கு மட்டும் சொல்லுங்கள், மீன் பெயர் சொல்ல வேண்டாம். மறுநாள் ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள். இரண்டு மணிக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை