கரி பூசச் சொன்ன ஆசிரியருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாட்டுப் பத்திரிகையின் சித்திரை இதழ் வந்தது. எங்கள் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கு, அதாவது மாட்டுச் சந்தைக்கு, மாடு பிடித்துப் போகிறவர்களுக்காகப் பெட்டி கட்டிப் போட்டிருந்த யோசனைகளைப் படித்தேன். குளம்பு சீவுவது, கொம்புக்கு எண்ணெய் தடவுவது, வண்டியில் ஏற்றுமுன் வயிறு முட்டத் தீனி போடாமலிருப்பது எல்லாம் சரி. கடைசி யோசனைதான் தொண்டையில் நிற்கிறது. "முடி கொட்டிய இடங்களில் அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினால் சந்தையில் குறை தெரியாது" என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

யாருக்குத் தெரியாது, ஐயா? வாங்க வருகிற குடியானவனுக்கு. அவனும் உங்கள் சந்தாதாரனாக இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லையா?

கறுத்த காரி மாட்டுக்குக் கரி ஒட்டும், ஒப்புக்கொள்கிறேன். சாம்பல் வெள்ளையான மயிலைக்கும் சிவப்பான செவலைக்கும் என்ன பூசுவது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். செவலைக்குச் செங்கல் பொடி, மயிலைக்குச் சுண்ணாம்போடு கொஞ்சம் சாம்பல் என்று நாங்களாகவே வைத்துக்கொள்ளலாமா? இதழோடு ஒரு டப்பா இலவசமாக அனுப்பினால் இன்னும் வசதி.

சில வருடங்களுக்கு முன் இதே தாவணியில் ஒரு செவலைக் கிடாரி பிடித்தேன். ராசிக்கு முடிச்சுழி பார்த்தாயிற்று, பல் பார்த்தாயிற்று. தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலையை முடித்தார். மேலெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. தாவணிக்கு வருகிற மாடு மினுக்கத்தான் செய்யும், அதில் ஒரு அதிசயமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினால் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் பொருக்கு. படர்தாமரை. ஒரு மாதம் திரும்பவில்லை, கட்டுத்தரையில் நின்ற கன்றுகளுக்கெல்லாம் ஏறிவிட்டது. கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரிகிற பேரனுக்கு முழங்கையில் ஒரு வளையம். தோல் மருத்துவர் அவன் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் கன்றுக்குட்டி இருக்கா?" என்பதுதான். மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவருக்குத் தெரிந்தது மாட்டுக்காரர்களுக்குப் பத்திரிகை நடத்துகிற உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

மாட்டுக்கு வருகிற படர்தாமரை பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் வெருகோசம் என்ற பூஞ்சையால் வருவது. தொழுவத்து மரத்திலும் தீனித் தொட்டியிலும் கயிற்றிலும் அதன் வித்துகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விளக்கெண்ணெய்க்கு அது சாகாது. நீங்கள் சொன்ன கரியைத் தொட்டுப் பூசுகிற துணியே அதை அடுத்த மாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். ஊர் ஊராக வந்த மாடுகள் நெருக்கியடித்து நிற்கிற தாவணியில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லா முடி உதிர்வும் ஒன்றா? நுகத்தடி பட்டுக் கழுத்தில் முடி தேய்ந்து காய்த்திருந்தால் அது குறையே இல்லை, உழைத்த எருது என்று விவரம் தெரிந்தவன் சந்தோஷமாகப் பிடிப்பான். மார்கழிக் குளிரில் பேன் பிடித்தால் மாடு கட்டுத்தறியில் உரசி உரசியே முடியைப் போக்கிக்கொள்ளும். சொறிப்பூச்சி என்றால் அரிப்பில் நிலைகொள்ளாது, தோல் தடித்து மடிப்பு விழும். அதுவும் மனிதருக்கு ஒட்டும். துத்தநாகம் குறைந்தால் தோல் தடித்து வெடிக்கும். தாமிரம் குறைந்தால் நிறம் மங்கி, கண்ணைச் சுற்றி முடி மெலியும். இவை இரண்டுக்கும் தாது உப்புக் கலவை போட வேண்டும், அதுவும் தாவணிக்கு முந்தின நாள் அல்ல, மாதக்கணக்கில். 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற தோல் கழலை நோயை மறந்துவிட்டீர்களா? அந்தக் கழலை காய்ந்து விழுகிற இடமும் வழுக்கையாகத்தான் நிற்கும். அதற்கும் கரிதானா?

உங்கள் இதழுக்கு இது புதிதும் அல்ல. முன்பு ஒரு கேள்வி-பதிலில், கன்றின் சிவப்பு நிறம் போய்க்கொண்டே இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, சத்துக் குறைவு என்று மருந்தே எழுதிக் கொடுத்தீர்கள். காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதவாக்கில் மயிலையாக மாறும் என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். இன்னொரு தடவை சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில் தடவச் சொன்னீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். மாடு தன் உடம்பைத் தானே நக்கும். இதைக் கண்டித்து அன்றே எழுதினேன். நீங்கள் போட்டது நான் நலம் விசாரித்திருந்த முதல் இரண்டு வரியை மட்டும். அந்த மரியாதைக்கு இப்போதாவது நன்றி சொல்லிவிடுகிறேன்.

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது நீங்கள் போட்ட நாட்டுமாடு சிறப்பிதழை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழையகோட்டை ஜமீன் பட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம், கொரங்காடு என்கிற மேய்ச்சல் காட்டின் கொழுக்கட்டைப் புல்லில் உரமேறிய இனம் என்று உள்ளே படிக்கக் கண்ணில் நீர் வரும்படிதான் எழுதியிருந்தீர்கள். அட்டையில் 'காங்கயம் காளை' என்று போட்டு நிறுத்தியிருந்ததோ, கொம்பு தீய்த்த உம்பளாச்சேரி எருது. வெள்ளைக் காலோடு, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு, பாவம், தஞ்சாவூர்ப் பக்கத்து வாயில்லா ஜீவன். அதற்கும் கடிதம் போட்டேன். பதில் இல்லை.

கரி பூசுவது நீங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகாத சுழியை மறைக்கச் சூடு போட்டு வடுவாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். (சுழியில் எனக்குப் பாதி நம்பிக்கைதான், விலை பேசும்போது மட்டும் முழு நம்பிக்கை.) ஒரு வருடம் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு வளர்த்த பூச்சிக்காளைக்கு, அதாவது பொலிகாளைக்கு, தாவணி நெருங்கும்போது தாடையில் வட்டம் விழுந்தால் மனசு என்ன பாடுபடும் என்பதையும் அறிவேன். எங்கள் காரிக்கு அப்படி வந்தது. தாவணிக்குப் பிடித்துப் போகவில்லை. வெயில் படுகிற இடத்தில் தனியாகக் கட்டி, கயிற்றை மாற்றி, பொருக்கை ஊறவைத்து எடுத்து மருந்து போட்டோம். எடுத்த பொருக்கைத் தரையில் சிந்தவிடாமல் எரித்தோம். கை உறை போட்டுக்கொண்டுதான் தொட்டோம். ஆடி பிறக்கிறபோது புதுமுடி மூடிவிட்டது. தாவணி விலை கிடைக்கவில்லை, வீட்டில் வந்து கேட்டவருக்குக் குறைத்துத்தான் கொடுத்தேன். ஊருக்குள் நடக்கிற ஏமாற்றை நான்கு பேர் பேசிக்கொள்வது வேறு. பத்திரிகை அதைப் பெட்டி கட்டிப் போட்டால் அது யோசனை ஆகிவிடுகிறது. நாளை ஒருவன் என்னிடம் கரி பூசிய மாட்டை விற்றுவிட்டு, புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்பான்.

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'கால்நடை மருத்துவரை ஆலோசிக்கவும்' என்று ஒரு வரி. அதோடு உங்கள் கடமை தீர்ந்தது. எங்கள் பக்கத்து மருந்தகத்துக்கு ஒரு மருத்துவர்தான், அவருக்கே மற்ற ஊர்ப் பொறுப்பும் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் கட்டுத்தரைக்கு வந்து தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சையா பூச்சியா என்று அவர் சொல்வதற்குள் தாவணி முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள். எதிர்ப் பக்கத்திலேயே பேனுக்கும் சொறிப்பூச்சிக்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசிக்குப் பெரிய விளம்பரம் வாங்கிப் போட்டிருக்கிறீர்களே, கறவை மாட்டுக்கு அந்த ஊசி ஆகாது, அது படர்தாமரைக்குக் கேட்கவே கேட்காது என்று பக்கத்தில் ஒரு வரி போடக் கூடாதா?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடைசி யோசனை தவறு என்று அடுத்த இதழில் நான்கு வரி போடுங்கள், அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில். மாட்டுக்கு முடி கொட்டுவதைப் பற்றி மருத்துவர் ஒருவரை எழுதவைத்து வண்ணப் படத்தோடு தை இதழில் வெளியிடுங்கள். படர்தாமரை தானாக ஆறவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், சித்திரையில் சொல்லி யாருக்கு லாபம்? படம் போடும்போது தயவுசெய்து கொம்பைப் பார்த்துப் போடுங்கள்.

சந்தாவைப் புதுப்பிக்கும் படிவமும் இந்த இதழோடு வந்திருக்கிறது. திருத்தம் வரட்டும், பணம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
வெள்ளகோவில் வட்டாரம்.